கேளாத குண்டுக்கு அஞ்சும் பிள்ளைகள்



சென்ற ஷஅபான் மாதத்தில் எங்கள் மதரஸாவுக்கு வெள்ளையடிக்கும் வேலை நடந்தது. ரமளான் பிறக்கும் முன் முடித்தாக வேண்டும் என்று நிர்வாகத்தார் சொல்லியிருந்தார்கள். அறந்தாங்கியை அடுத்த அழியாநிலை முகாமிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வந்திருந்தனர். எங்கள் பகுதியில் வண்ணப்பூச்சு வேலை என்றால் முகாம் ஆட்களைத்தான் பெரும்பாலும் அழைப்பார்கள். சுத்தமான வேலை, கூலியில் வம்பு இல்லை.

முற்பகல் பதினொரு மணி இருக்கும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020-ஆம் ஆண்டிலிருந்து சுகோய் போர் விமானங்களை நிறுத்தியிருக்கிறார்கள் அல்லவா? அவை சில நாட்களில் எங்கள் ஊர் வானத்திலும் பறப்பதுண்டு. அன்று ஒன்று தாழ்வாகச் சென்றது. ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சன்னலுக்கு ஓடினார்கள், வேடிக்கை பார்க்க. ஏணியின் மேலே நின்ற அந்தத் தந்தை எப்படி இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் குந்தி, தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தார். கையிலிருந்த தூரிகையின் சுண்ணாம்பு அவர் தலைமுடியில் வழிந்தது.

என் கண்ணில் தங்கிவிட்டது அவர் அல்லர், அவருடைய மகன். விமானத்தின் ஓசை எங்கள் காதுக்கு எட்டும் முன்பே அவன் வானத்தைப் பார்த்தான். இடக்கையால் ஏணியை அழுத்திப் பிடித்தான். தந்தை இறங்கிய பின் அவர் பக்கம் போகாமல், தொடாமல், பேசாமல் நின்றான். ஓசை முற்றாக அடங்கிய பிறகு தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்ல ஹஜ்ரத், அப்பாவுக்கு வழமைதான்" என்றான்.

அந்தப் பிள்ளை பிறந்தது 1998-இல், இதே புதுக்கோட்டை மாவட்டத்தில். தன் வாழ்நாளில் ஒரு குண்டு விழுந்த ஓசையைக் கேட்டவன் அல்லன். ஆயினும் வானத்தை முதலில் பார்க்க அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. பேருந்தில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்; உள்ளே போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் 1987 வரை வந்தவர்கள் மட்டும் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். பிறகு 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது, 1996-இல், 2006-க்குப் பின் என்று அலையலையாக வந்து, மொத்தம் 3 லட்சத்தைத் தாண்டியது. பலர் திரும்பிச் சென்றனர். இன்றும் தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பத்தடிக்குப் பத்தடிக் கொட்டகையில் தொடங்கிய வாழ்க்கை. 2021-இல் தமிழக அரசு புதிய வீடுகளை அறிவித்தது. மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தியது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் பள்ளிக்கூடத்து வாசலில் அந்தப் பழைய சொல்லை நம் பிள்ளைகள் இன்னும் விட்டபாடில்லை.

இந்தப் பையன் வணிகவியல் பட்டதாரி. அரசுத் தேர்வு எழுத முடியாது. கடவுச்சீட்டு எடுக்க முடியாது. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2004 டிசம்பர் முதல் அது இன்னும் இறுகிவிட்டது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகளில் இலங்கை இல்லை. மதங்களில் இஸ்லாம் இல்லை. நாமும் அவர்களும் ஒரே கதவுக்கு வெளியே நின்ற நாட்கள் அவை என்பதை நம் சகோதரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்பது எனக்கு ஐயமே.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடுவார் என்று அறிவேன். "1990-இல் நம் மக்களை யாழ்ப்பாணத்திலிருந்து உடுத்த துணியோடு விரட்டியது யார்? அவர்களுக்காகவா நாம் உருக வேண்டும்?" நியாயமான வேதனை. அவ்வாண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும், ஏறத்தாழ 75 ஆயிரம் பேரை, வெளியேற்றினார்கள். யாழ் நகரில் கொடுத்த கெடு இரண்டே மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் படகேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்துக் கொட்டகைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அந்த அநீதியை நாம் மறக்க வேண்டியதில்லை, மறக்கவும் கூடாது.

ஆனால் கேளுங்கள். எங்கள் மதரஸாவுக்கு வெள்ளையடித்த அந்த மனிதர் மன்னார்த் தீவின் பேசாலைக்காரர். தன் பதினான்காம் வயதில், 1990 ஆகஸ்டில், இரவோடிரவாகப் படகேறி, மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். தேநீர் வேளையில் அவராகவே சொன்னார்: "சேர், எருக்கலம்பிட்டிப் பெடியங்கள் என்னோட படிச்சவங்கள். நாங்கள் வந்து ரெண்டு மாசத்தில அவங்களையும் எழுப்பிப் போட்டாங்கள். ஒருத்தன் இப்ப புத்தளத்தில இருக்கிறான் எண்டு கேள்வி." இவ்வளவுதான் சொன்னார். தன் கதையைச் சொல்லவில்லை. தன்னோடு படித்தவன் கதையைச் சொன்னார். பதினான்கு வயதுப் பையன் எவனை எங்கே விரட்டினான்? அவனுக்குப் பிறந்த மகனிடம் நாம் எந்தக் கணக்கைக் கேட்பது?

பட்ட துன்பம் பட்டவரோடு நின்றுவிடும் என்றுதான் உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1966-இல் கனடா நாட்டின் மனநல மருத்துவர் விவியன் ராக்காஃப் ஒரு விந்தையைக் கவனித்து எழுதினார். நாஜிகளின் வதை முகாம்களிலிருந்து மீண்ட யூதர்களின் பிள்ளைகள், போர் முடிந்த பின் பிறந்தவர்கள், அமைதியான கனடாவில் வளர்ந்தவர்கள், சிகிச்சை தேடி வந்துகொண்டிருந்தார்கள். அத்தகைய பெற்றோருக்குப் பிறந்த ஹெலன் எப்ஸ்டைன் என்ற பெண்மணி தம்மைப் போன்றோரைத் தேடிச் சென்று பேசி, 1979-இல் ஒரு நூலே எழுதினார். யூதரைப் பற்றி இங்கே எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். 1948-இல் வீடிழந்த பாலஸ்தீன மக்களின் பேரப்பிள்ளைகளும் தாங்கள் பார்த்தேயிராத வீட்டின் சாவியைக் காத்து வருகிறார்கள். காஸாவில் 1990-இல் மனநல நிலையம் தொடங்கிய மருத்துவர் இயாத் சர்ராஜ், கண்ணெதிரே தந்தை அடித்து அவமதிக்கப்படுவதைக் கண்ட பிள்ளையின் உள்ளம் என்ன ஆகிறது என்பதையே வாழ்நாளெல்லாம் பேசினார். யாழ்ப்பாணத்து மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-இல் வெளியிட்ட நூலிலும் பிற எழுத்துகளிலும், போரின் காயம் தனி மனிதனோடு முடிவதில்லை, அது குடும்பத்தின் மீதும் ஊரின் மீதும் விழுகிறது என்று காட்டினார்.

காயம் எந்த வழியாகப் பிள்ளைக்குப் போகிறது? இரத்தத்தின் வழியாகவா என்றுகூட ஆராய்கிறார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. அதை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். வீட்டுக்குள் நமக்கே தெரியும் வழிகள் போதாவா? தந்தை இரவில் உறங்குவதில்லை. பிள்ளையும் உறங்காமல் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தாய் திடீரென்று அழுகிறாள். தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று பிள்ளை எண்ணுகிறது. முகாமில் தணிக்கைக்கு அதிகாரிகள் வரும் நாளில், வீட்டில் அதட்டும் தந்தை வரிசையில் தலை குனிந்து நிற்பதைப் பிள்ளை பார்க்கிறது. சில வீடுகளில் மது வருகிறது. மதுவோடு அடியும் வருகிறது. இலங்கையின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், போரின் கொடுமையை அதிகமாகக் கண்ட வீட்டுப் பிள்ளைகளே வீட்டுக்குள்ளும் அதிகம் அடிபட்டவர்களாக இருந்தனர். தந்தையின் குடியும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டார்கள். போர் நின்ற பிறகும் அந்த வீட்டில் நிற்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது மௌனம். அந்தப் பையன் சொன்னான்: "என் தங்கச்சிக்கு எங்க அத்தையோட பேர் வச்சிருக்காங்க. அந்த அத்தைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கேக்கக் கூடாது. சின்ன வயசுல ஒரு தடவை கேட்டேன். அப்பா ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம் கேக்கலை." இருபத்தேழு வயதுப் பிள்ளை இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான், தந்தையோ கட்டடத்தின் மறுபக்கத்தில் இருந்தார். என்னோடு பேசும்போது 'சார்' என்பவன், தந்தையை நோக்கிக் குரல் கொடுக்கும்போது 'எண்டு', 'இல்லை எண்டா' என்று மாறிவிடுகிறான். "இதுல எதுப்பா உன் தமிழ்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். சற்று யோசித்து, "தெரியலை ஹஜ்ரத்" என்றான். கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

அன்பர்களே, இவ்வளவு நேரம் அயலார் கதையைச் சொல்வதுபோல் எழுதிவந்தேன். அது முழு உண்மை அன்று.

என் அத்தா பிறந்தது இரங்கூனில். பாட்டனாருக்கு மொகல் தெருவில் துணிக்கடை. 1964 மார்ச்சில் பர்மாவின் இராணுவ அரசு கடைகளை எல்லாம் தேசியமயமாக்கியது. பாட்டனாரின் கடைக்கு ஓர் எண் கொடுத்து 'மக்கள் கடை' என்று பலகை மாட்டினார்கள். மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பாட்டனார் குடும்பத்தோடு கப்பலேறிச் சென்னையில் இறங்கி, நம் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தார். இத்தகைய கதை இல்லாத தெரு நம் பகுதியில் எங்கே இருக்கிறது? அத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாட்டனார் திண்ணையில் உட்கார்ந்தார்; பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் வளர்ந்த வீட்டில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி எப்போதும் கட்டிய நிலையில் இருக்கும். அதில் இரண்டு கைலி, ஒரு போர்வை, எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள். கதவை அத்தா மூன்று முறை பூட்டுவார்கள். பெரிய பீரோவோ கட்டிலோ வாங்கச் சம்மதித்ததே இல்லை, "தூக்கிட்டுப் போக முடியாததை எதுக்கு வாங்குறது?" என்பார்கள். எங்கே போவதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை. என் பன்னிரண்டாம் வயதில் ஒருநாள் கடற்கரையில் விளையாடிவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். அன்று பட்ட அடியின் தழும்பு என் தோளில் இன்னும் உள்ளது. அடித்து முடித்தபின் அத்தா கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தார்கள். அந்த அடியைவிட அந்த வாந்திதான் எனக்குப் புரியாமல் பல ஆண்டுகள் இருந்தது. அத்தாவை வெறுத்தேன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் வெறுத்தேன்.

கல்லூரியில் வரலாறு படித்தேன். பர்மாவைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேன். என் வீட்டுக்குள் அந்தப் பாடம் நடப்பதை உணரவில்லை! 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள் அல்லவா? அத்தா எழுந்து அந்தத் தகரப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தார்கள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார்கள். விடியும்வரை யார் அழைத்தும் உள்ளே வரவில்லை. 1964-ஐ அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன்.

அதன்பின் மாமியிடம், அதாவது அத்தாவின் தங்கையிடம், கேட்டேன். கப்பலேறிய நாளன்று இரங்கூன் துறைமுகக் கூட்டத்தில் அத்தா குடும்பத்தைவிட்டுத் தவறிப்போய், நெடுநேரம் தனியே அலைந்திருக்கிறார்கள். எல்லோரும் போய்விட்டார்கள் என்றே எண்ணியிருக்கிறார்கள். "அதுக்கப்புறம் யாரு வீட்டுக்குத் தாமசமா வந்தாலும் அவனுக்கு ஆகாதுப்பா" என்றார்கள் மாமி. என் தோள் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அது அடித்ததை நியாயமாக்கிவிடாது. பிள்ளையை அப்படி அடிப்பது தவறுதான். ஆனால் இருபத்தைந்து ஆண்டு காலம் நான் என்னைப் பற்றி எண்ணியிருந்த ஒன்று பொய்யாயிற்று. நான் வேண்டாத பிள்ளை என்று எண்ணியிருந்தேன்.

அத்தாவிடம் நேரில் கேட்கவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்றிருந்தேன். 2019-இல் அவர்கள் வபாத்தாகிவிட்டார்கள். சென்ற வாரம் என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் கதவை மூணு தடவை பூட்டுறீங்க, தெரியுமா? சின்னவனும் இப்ப இழுத்து இழுத்துப் பார்க்கிறான்."

ஹிஜ்ரத்தை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். ஆனால் வெற்றியாகவே பேசிப் பழகிவிட்டோம். மதீனாவுக்கு வந்த முஹாஜிர்கள் காய்ச்சலில் விழுந்ததையும், பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் புல்லையும் ஓடையையும் நினைத்து ஏங்கிப் பாடியதையும் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்? அவர்களுக்கு மதீனாவில் இனிப் பிள்ளையே பிறக்காது என்று ஒரு வதந்தி உலவியது. அஸ்மா (ரலி) அவர்கள் கருவுற்ற நிலையில் பயணம் செய்து குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைப் பெற்றெடுத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தையை மடியில் வாங்கிப் பேரீச்சம்பழத்தை மென்று வாயில் தடவித் துஆச் செய்தார்கள். மக்கள் பெருமகிழ்ச்சி கொண்டார்கள். நாடிழந்து வந்தோரின் முதல் பிள்ளையை ஓர் ஊரே கொண்டாடிய செய்தி இது. நபி யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண் பார்வை போகுமளவு அழுததைத் திருமறை கூறுகிறதே, அதை ஈமானின் குறைவு என்று எவரும் சொன்னதில்லை. பிறகு, மனம் நொந்தவரைப் பார்த்து "பொறுமை இல்லை, தொழுகை இல்லை, அதனால்தான்" என்று நாம் மட்டும் ஏன் சொல்கிறோம்? என் சக ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன், நானும் சொன்னவன்தான்.

இதற்கு மருத்துவமும் உண்டு. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். 2022-இலிருந்து நாடெங்கும் நடக்கிறது. பேயோட்டுகிறேன், தாயத்துக் கட்டுகிறேன் என்று பணம் கறப்போரிடம் போகும் முன் அந்த எண்ணை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெற்றோர் தங்கள் கதையைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்பதும் என் கருத்து. குருதியும் தீயுமாகக் கொட்டிவிட வேண்டியதில்லை. பிள்ளையின் வயது தாங்குமளவு சொல்லலாம். ஊர், வீடு, மரம் என்று தொடங்கலாம். ஒன்றும் சொல்லாத வீட்டில் பிள்ளை தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கதையில் குற்றவாளியாகப் பெரும்பாலும் தன்னையே வைத்துக்கொள்கிறது. நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

வேலையின் கடைசி நாள். மதிய உணவுக்குப் பின் மூவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். என் அத்தாவின் தகரப் பெட்டியைப் பற்றி அந்த மனிதரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பையன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதற்காகவும் இருக்கலாம். அவர் நெடுநேரம் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பாராமல், "எங்கட வளவில ஒரு கிணறு இருந்தது சேர்" என்றார். "கட்டுக்கிணறு. பக்கத்தில ரெண்டு பனை. விடியக்காலமை அக்காதான் முதல் வாளி அள்ளுவா. வேற ஆரையும் அள்ள விடமாட்டா."

வாளியில் வண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்த பையனின் கை நின்றது. நான் பேசவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும்.

"அந்தக் கிணத்துத் தண்ணி உப்பாப்பா?" என்று கேட்டான்.

"இல்லை," என்றார் அவர். "நல்ல தண்ணி."

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.